டை மாமாவின் ஓட்டு

மேப்பிள் பாகு ஊற்றிய பான்கேக் தட்டில் இருந்தும் கோரினின் கை அதன் பக்கம் போகவில்லை என்றால், விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"என்னம்மா, காய்ச்சலா?" என்று அப்பா அவள் நெற்றியில் கை வைத்தார்.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதைப் படிங்க முதல்ல."

அவள் நீட்டியது ஊர்க்கூட்டத்துக் காகிதம். மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ஹார்ட்வெல் ஊரே ஒரே கூடத்தில் உட்கார்ந்து, வருடம் முழுவதற்குமான காரியங்களைக் கைதூக்கியும் குரல் கொடுத்தும் முடிவு செய்யும். யார் என்ன தீர்மானம் கொண்டுவருகிறார்கள் என்ற பட்டியல் ஒரு வாரம் முன்பே வீடு வீடாக வந்துவிடும்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "பதினேழாவது தீர்மானம். மேற்குக் குன்றில் குடியேறியுள்ள காட்டு வான்கோழிகளைப் பிடித்துக்கொண்டு போகும்படி அரசாங்கத்துக்கு எழுதுவது. கொண்டுவருபவர்..." அவர் நிறுத்திவிட்டார்.

"பேரையும் படிங்கப்பா."

"அர்மான் பெரியப்பா," என்றார் அப்பா மெதுவாக.

அதுதான் கோரினுக்குத் தாங்கவில்லை. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பாள். அந்த வான்கோழிகளை அவளுக்கு முதன்முதலில் காட்டியதே அர்மான் பெரியப்பாதான்.

இரண்டு குளிர்காலத்துக்கு முந்தைய கதை அது. பெரியப்பாவின் டிராக்டரில் கோரினும் தொற்றிக்கொண்டு போனாள். திடீரென்று அவர் வண்டியை நிறுத்தினார்.

"சத்தம் போடாத குட்டி. அங்க பாரு."

பனிமேல் பதினோரு பெரிய கறுத்த பறவைகள் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தன. வெயில் பட்டபோது சிறகுகள் செம்புப் பாத்திரம் மாதிரி மின்னின. எல்லாவற்றுக்கும் முன்னால் போன சேவலுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கற்றை முடி, கழுத்தில் கட்டுகிற டை போலத் தொங்கியது. கோரின் அதற்கு அங்கேயே 'டை மாமா' என்று பெயர் வைத்துவிட்டாள்.

பெரியப்பா தன் சிவப்புக் கட்டம் போட்ட தொப்பியைக் கழற்றினார். அந்தக் குளிரில்! வழுக்கைத் தலையிலிருந்து ஆவி பறந்தது.

"எங்க அப்பா இதுங்களைப் பார்த்தது இல்ல. அவரோட அப்பாவும் பார்த்தது இல்ல. ஆடு மேய்க்கணும்னு இந்தக் குன்றை எல்லாம் மொட்டை அடிச்சாங்க. மரம் போச்சு, இதுங்களும் போச்சு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்பதான் மரமெல்லாம் மறுபடி வளர்ந்திருக்கு. அரசாங்கத்துக்காரங்க பெட்டியில கொண்டுவந்து மலைக்கு அந்தப் பக்கம் விட்டாங்களாம். அங்கேருந்து நடந்தே நம்ம ஊருக்கு வந்திருக்குதுங்க குட்டி. நடந்தே!"

அப்படிப்பட்ட பெரியப்பாதான் இப்போது அவற்றைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிறார்.

கோரின் பூட்ஸை மாட்டிக்கொண்டு நேராகப் பக்கத்துப் பண்ணைக்கு ஓடினாள்.

பெரியப்பா மாட்டுத் தொழுவத்தில் இருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தை மாட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும். போ, போய் ஸ்கூலுக்குக் கிளம்பு."

"ஏன் பெரியப்பா இப்படிப் பண்ணீங்க?"

"வா, காட்டறேன்."

கதிர்களைக் காற்றாட அடைத்து வைக்க மரச்சட்டம் அடித்த சோளப் பட்டறை ஒன்று தொழுவத்துக்குப் பின்னால் இருந்தது. இலையுதிர் காலத்தில் கழுத்து வரை நிரம்பியிருந்த பட்டறை. இப்போது பாதிக்குக் கீழே போய்விட்டது. சட்டங்களுக்கு அடியில் தின்று போட்ட சக்கைகள் சிதறிக் கிடந்தன.

"பசு மாடு முப்பத்திரண்டு. பச்சைப் புல் முளைக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. இதுங்களுக்கு நான் எதைப் போடுவேன், சொல்லு?"

"அதை வான்கோழிதான் தின்னுச்சுன்னு யாரு சொன்னா?"

"என் கண்ணு சொல்லுச்சு! தினம் காலையில உன்னோட டை மாமாவும் அவன் கூட்டமும் இங்கதான் நிக்குது. எனக்கு மட்டும் ஆசையா குட்டி? எனக்கும் வயிறு எரியுது." அவர் குனிந்து ஒரு சக்கையை எடுத்து வாளியில் போட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. காலையில் பள்ளிப் பேருந்திலிருந்து அவளும் பார்த்திருக்கிறாள். பட்டறைக்கு அடியில் வான்கோழிகள் கொத்திக்கொண்டுதான் இருந்தன.

ஆனால் ஒன்று அவளை உறுத்தியது. வான்கோழியின் கால் தடம் பனியில் அம்புக்குறி போல மூன்று விரலாகப் பதியும். பட்டறை ஓரத்துப் பனியில் அம்புக்குறிகளும் இருந்தன. அவற்றுக்கு அடியில், மங்கலாக, வேறு ஏதோ தடமும் இருந்தது. அவள் குனிந்து பார்ப்பதற்குள் பெரியப்பா அதன்மேல் வாளியை வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து புதுப் பனி பொழிந்து எல்லாவற்றையும் மூடியது. கூட்டத்துக்கு முந்தைய நாள்தான் வானம் வெளுத்தது. கோரினுக்கு ஒரு யோசனை வந்தது.

'பை' என்கிற இனிப்புப் பலகாரம் சுடுகிற தகரத் தட்டுகள் மூன்றை அம்மாவிடம் கேட்டு வாங்கினாள். நிலவறையில் இருந்த களிமண்ணை வெந்நீர் விட்டுக் குழைத்து, ஒவ்வொரு தட்டிலும் வழவழவென்று பூசினாள். நடுவில் நாலு சோள மணி. சாயங்காலம் பட்டறையின் மூன்று பக்கமும் வைத்துவிட்டு வந்தாள்.

விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தால், மணிகளைக் காணோம்! குளிரில் களிமண் கல்லாக உறைந்திருந்தது. மூன்று தட்டிலும் குட்டிக் குட்டிக் கைகள். ஐந்து ஐந்து விரல். தொட்டில் குழந்தை கை ஊன்றி எழுந்த மாதிரி அத்தனை அழகாகப் பதிந்திருந்தன.

"ரக்கூன்!" என்று கத்திவிட்டாள் கோரின். கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்ட, வால் முழுக்க வளையம் வளையமாக இருக்கிற அந்தத் திருட்டுப் பயல்தான். அவன் இருட்டில் வந்து வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போகிறான். காலையில் சிந்தின மணியைப் பொறுக்க வந்த வான்கோழி மாட்டிக்கொள்கிறது.

பெரியப்பா அதற்குள் உரத்துக்குச் சாணம் இறைக்க, சாண வண்டியோடு வயலுக்குப் போய்விட்டிருந்தார். பரவாயில்லை, கூட்டத்திலேயே காட்டலாம் என்று கோரின் தட்டுகளைத் துணியால் மூடிக் கொண்டு போனாள். உறைந்தது உருகிவிடக் கூடாதே! கூடத்தின் பின்வாசல் படியில், பனிக்குள் பத்திரமாகச் செருகி வைத்தாள்.

கூடத்தில் ஊரே இருந்தது. கம்பளிக் கோட்டு வாசனையும் காப்பி வாசனையும் கலந்து அடித்தன. விறகு அடுப்புச் சூடு தாங்காமல் ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள்.

தலைமை நாற்காலியில் விட்கம் அம்மா. ஒல்லியான உடம்பு, ஊர் எல்லை வரை கேட்கும் குரல். பக்கத்தில் ஊர் எழுத்தர் ஹாலிஸ் தாத்தா, தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கூட்டம் தொடங்குது!" விட்கம் அம்மா மரச்சுத்தியலால் மேசையில் ஓங்கி அடித்தார். டொக்!

"கொப கொப கொப கொப!" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

கூடமே திரும்பிப் பார்த்தது. விட்கம் அம்மா கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். "யாரது?"

"டை மாமா," என்றாள் கோரின், வாய் தவறி.

வசந்தம் நெருங்கினால் ஆண் வான்கோழிக்கு ரோஷம் வந்துவிடும். கதவு அறைந்தாலும் சரி, காக்கை கத்தினாலும் சரி, 'எவன்டா அவன்?' என்று பதில் குரல் கொடுக்காமல் இருக்காது. அன்று காலை முழுவதும் இதே கூத்துதான். சுத்தியல் டொக் என்றால், வெளியே கொப கொப. ஊர் லாரிக்குப் பச்சை வண்ணமா, ஆரஞ்சு வண்ணமா என்று ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் ஆரஞ்சு ஜெயித்து, சுத்தியல் விழுந்தபோது, "அவருக்கும் ஆரஞ்சுதான் பிடிச்சிருக்கு!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள்.

சிரிக்காதவர் ஒரே ஒருவர். அர்மான் பெரியப்பா மடியில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டம் கலைந்தது. கோரினின் வகுப்புப் பிள்ளைகள்தான் பரிமாறினார்கள். அவளும் அவள் தோழி ரூத்தும் வேகவைத்த பீன்ஸையும் பன்றி இறைச்சியையும் தட்டுத் தட்டாகக் கொண்டுபோய் வைத்தார்கள். சமையலறையின் ராணி பியர்ல் அத்தை. அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு கரண்டி கூட நகராது.

"பன்னிரண்டு பை வரும்னு கணக்கு. இதோ இன்னும் மூணு இருக்கே!" என்று பியர்ல் அத்தையின் குரல் கேட்டது. "யாரோ புத்தி கெட்ட பிள்ளை பின்வாசல் பனியில மறந்து வச்சுட்டுப் போயிருக்கு. கல்லா உறைஞ்சு கிடந்தது. துணியைக்கூடப் பிரிக்காம அப்படியே அடுப்புல தள்ளிச் சூடு பண்ணிட்டேன். நான் இல்லேன்னா இந்த ஊர் என்ன ஆகுமோ!"

கோரின் கையிலிருந்த பீன்ஸ் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டாள்.

அவள் ஓடினாள். பை மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் ஹாலிஸ் தாத்தா ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டிருந்தார். அவர் தாடை ஒரு பக்கம் போனது. மறு பக்கம் போனது. பிறகு நின்றுவிட்டது.

"பியர்ல்," என்றார் அவர் மெதுவாக. "இந்தச் சாக்லேட் பை கொஞ்சம் நறநறங்குதே?"

"தாத்தா, துப்புங்க! அது களிமண்ணு!"

ரூத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோரினால் சிரிக்க முடியவில்லை. மூன்று தட்டிலும் வெதுவெதுப்பான சேறு தளதளத்தது. ஒரு விரல் தடம் கூட மிச்சமில்லை.

"அய்யோ கோரின்!" பியர்ல் அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "உன்னுதாடி அது? எனக்குத் தெரியாதே கண்ணு!"

"பரவாயில்ல அத்தை. நீங்க நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணீங்க," என்றாள் கோரின். சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மூலையில் போய் நின்று சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் மறுபடி கூடியது. டொக்! கொப கொப கொப!

"பதினேழாவது தீர்மானம். அர்மான், பேசுங்க."

பெரியப்பா எழுந்தார். தொப்பியைக் கையில் பிடித்துத் திருகிக்கொண்டே பேசினார்.

"தலைவர் அம்மா, எனக்குப் பேச வராது. அதனால கொண்டே வந்துட்டேன்." கூடையை மேசைமேல் கவிழ்த்தார். கடித்துக் கொறித்த சோளச் சக்கைகள் உருண்டோடின. "என் பட்டறையில பாதி இப்படிப் போச்சு. அதுங்க வந்தப்ப என்னைவிடச் சந்தோஷப்பட்டவன் இந்த ஊர்ல இல்ல. ஆனா என் மாடுங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும். அவ்வளவுதான்."

அவர் உட்கார்ந்தார். மாடு வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தலையாட்ட ஆரம்பித்தார்கள். 'பாவம், அர்மான் பொய் சொல்லுகிற ஆளில்லை' என்ற முகம் எல்லோருக்கும்.

உருண்டு வந்த சக்கை ஒன்று கோரினின் காலடியில் வந்து நின்றது. அவள் அதை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூக்குக்கு அருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தாள்.

அவள் கை தானாக மேலே போனது.

"கோரின், நீ ஓட்டுப் போடற வயசு இல்லையே," என்றார் விட்கம் அம்மா. "ஓட்டு இல்லாதவங்க பேசணும்னா கூட்டம் சம்மதிக்கணும். என்ன சொல்றீங்க? சரின்னு சொல்றவங்க?"

"ஆம்!" என்றது கூடம். எல்லோரையும் விட உரக்கச் சொன்னது அர்மான் பெரியப்பாதான்.

கோரின் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்றாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பெரியப்பா சொன்னது பொய் இல்ல. வான்கோழிங்க பட்டறைக்கு அடியில நிக்கிறதை நானும் பார்த்திருக்கேன்."

'கெடுத்தாளே!' என்று ரூத் தலையில் கை வைத்தாள்.

"ஆனா பெரியப்பா, உங்களை ஒண்ணு கேக்கணும். வான்கோழிக்குப் பல்லு இருக்கா?"

"பல்லா?" பெரியப்பா குழம்பிப் போனார். "என்ன பேச்சு குட்டி இது? கோழிக்கு எங்கேயாவது பல்லு இருக்குமா?"

"அப்ப இது என்ன?" அவள் சக்கையை நீட்டினாள்.

பெரியப்பா வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் தேடினார், அது நெற்றியிலேயே இருந்தது. இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சக்கையின்மேல் சின்னச் சின்னப் பள்ளங்கள், ஜோடி ஜோடியாக, வரிசை வரிசையாக இருந்தன.

"இங்க குடு அதை," என்றார் ஹாலிஸ் தாத்தா. சக்கையை விளக்குக்கு நேரே பிடித்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காதபடி தன் பல் செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார்.

"இது இல்லாம என்னால கதிரைக் கழிக்கவே முழியாது," என்றார் பொக்கை வாயால். மறுபடி மாட்டிக்கொண்டார். "பதினாறு வருஷ அனுபவம். சத்தியமாச் சொல்றேன், இது பல்லுக்காரன் பண்ணின வேலை."

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது.

"அந்தப் பல்லுக்காரன் யாரு?" என்று விட்கம் அம்மா கேட்டார்.

"ரக்கூன். அதோட கைத் தடம் என்கிட்ட இருந்தது. மூணு தட்டு நிறைய இருந்தது. ஆனா..." கோரின் தயங்கினாள். "ஹாலிஸ் தாத்தா சாப்பிட்டுட்டார்."

"ஒரு வாய்தான்!" என்று தாத்தா அலறினார்.

பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐந்து விரலா குட்டி? இத்தனூண்டு கையா?"

"ஆமா பெரியப்பா."

"பட்டறைச் சட்டத்துல சேத்துக் கை பதிஞ்சிருந்தது, என் தலை உயரத்துக்கு. நான்..." அவர் தொண்டையைச் செருமினார். "நான் அது உன் கைன்னு நினைச்சேன். நீதான் உன் செல்லங்களுக்கு ரெண்டு கதிர் எடுத்துப் போடறியோன்னு நினைச்சு, யார்கிட்டயும் சொல்லாம துடைச்சுட்டேன்."

கோரினுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "உங்க தலை உயரத்துக்கு எனக்கு எப்படி பெரியப்பா எட்டும்?"

"அதானே!" பெரியப்பா தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதைக் கூட யோசிக்கலையே நான்!"

முன்வரிசையிலிருந்து ஒரு விவசாயி எழுந்தார். "சரிம்மா. சிந்தினது நாலு மணி. அதை வச்சு இத்தனை பெரிய பறவைங்க குளிர்காலம் பூரா உயிர் வாழுமா? வேற எதைத் தின்னுதுங்க?"

நியாயமான கேள்வி. கோரின் ஜன்னலைக் காட்டினாள். "நீங்களே பாருங்களேன்."

நாற்காலிகள் கிரீச்சிட, ஊரே ஜன்னல்களை மொய்த்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் வயல். வெள்ளைப் பனிமேல் அவர் காலையில் சாண வண்டி ஓட்டிய இடம் மட்டும் பழுப்புப் பட்டையாகத் தெரிந்தது. அந்தப் பட்டையின் நீளத்துக்கும் வான்கோழிகள், பதினைந்துக்குக் குறையாது. காலால் சீய்த்துச் சீய்த்துக் கொத்திக்கொண்டிருந்தன. நடுவில் டை மாமா வாலை விசிறி போல விரித்துக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை தோரணையில் நின்றது.

"சாணியிலயா?" என்று பியர்ல் அத்தை மூக்கைச் சுளித்தார்.

"மாடு சரியா மெல்லாம முழுங்கின சோளம் அப்படியே வெளிய வந்துடும் இல்ல அத்தை? அதைத்தான் பொறுக்குதுங்க. பனி மூடிட்டா காட்டுல அதுங்களுக்கு வேற என்ன கிடைக்கும்? பெரியப்பா தினம் சாணி அடிக்கிறதாலதான் அதுங்க பிழைச்சிருக்கு."

பெரியப்பா ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு வயலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"அடக் கடவுளே!" என்றார் கடைசியில். "அப்ப இத்தனை நாளா அதுங்களுக்குச் சோறு போட்டதே நான்தானா?"

"நீங்களேதான்."

"நான் ஒரு மடையன் குட்டி. என் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கறேன் தலைவர் அம்மா!"

"மேசைக்கு வந்த தீர்மானத்துக்கு ஓட்டு எடுத்தே ஆகணும். விதி விதிதான்," என்றார் விட்கம் அம்மா. ஆனால் அவர் முகமும் மலர்ந்திருந்தது. "எல்லாரும் உட்காருங்க. வான்கோழிகளைப் பிடிச்சுக்கிட்டுப் போகணும்னு சொல்றவங்க?"

அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"வேண்டாம்னு சொல்றவங்க?"

"இல்லை!" என்று ஊர் கூவியது. டொக் என்று சுத்தியல் விழுந்தது. "கொப கொப கொப கொப!"

"அவர் ஓட்டையும் சேர்த்து எழுதுங்க ஹாலிஸ்!" என்று பின்வரிசை கத்தியது.

"முடியாது," என்றார் தாத்தா கறாராக. "வாக்காளர் பட்டியல்ல அவர் பேர் இல்ல."

"ரெண்டு வருஷமா இங்கதானே குடியிருக்கார்!"

"கையெழுத்துப் போட்டுப் பதிவு பண்ணினாரா? இல்லையே. விடுங்க."

மீதித் தீர்மானங்கள் ஒரு மூச்சில் முடிந்தன. கடைசியாக ஒன்று பாக்கி. ஹார்ட்வெல் ஊர்க்கூட்டம் நன்றி சொல்லாமல் கலைந்ததே இல்லை. சமைத்தவர்களுக்கும் பரிமாறின பிள்ளைகளுக்கும் யாராவது எழுந்து நன்றித் தீர்மானம் கொண்டுவர வேண்டும்.

அர்மான் பெரியப்பா எழுந்தார். இந்தத் தடவை தொப்பியைத் திருகவில்லை. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வழுக்கைத் தலை அடுப்பு வெளிச்சத்தில் பளபளத்தது.

"பீன்ஸுக்கும் பைக்கும் நன்றி. பியர்லுக்கு நன்றி, அந்த மூணு பையைத் தவிர." சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "அப்புறம், என் தம்பி பொண்ணுக்கு நன்றி. நான் தப்பான ஆளைப் பிடிச்சுக் குடுக்க இருந்தேன். நல்லவேளை, இவ தடுத்தா. நாளைக்கு நான் பட்டறைக் காலுக்கெல்லாம் தகரம் அடிக்கப் போறேன், ரக்கூன் ஏறவே முடியாது. நீதான் ஆணி எடுத்துக் குடுக்கணும் குட்டி, சரியா?"

"சரி பெரியப்பா," என்றாள் கோரின்.

"இன்னொண்ணு." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "நம்ம ஆளுங்கதான் மரத்தை வெட்டி அதுங்களை விரட்டினது. அதை மனசுல வச்சுக்காம நடந்தே திரும்பி வந்திருக்குங்க. அதுக்காக இந்த ஊர் அந்த வான்கோழிங்களுக்கு நன்றி சொல்லணும். இதுதான் என் தீர்மானம்."

யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். கோரினும் தன் கம்பளிக் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நன்றி சொல்லலாம்னு நினைக்கிறவங்க?" என்று விட்கம் அம்மா கேட்டார். அன்றைக்கு அவர் மெதுவாகப் பேசியது அந்த ஒரு முறைதான்.

"ஆம்!"

அவர் சுத்தியலை எடுக்கவே இல்லை. அதற்குள் வெளியிலிருந்து, யாரும் கேட்காமலே, கணீரென்று குரல் வந்தது.

"கொப கொப கொப கொப!"

எல்லோரும் ஹாலிஸ் தாத்தாவைப் பார்த்தார்கள். தாத்தா வாக்காளர் பட்டியலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டுப் பேனாவை மையில் தோய்த்தார்.

ஊர்ப் புத்தகத்தில் அந்த வருடத்துப் பக்கத்தின் கடைசி வரி இப்படி இருக்கிறது: 'நன்றித் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. உள்ளே நூற்றுப் பதினான்கு ஓட்டு, வெளியே ஒன்று.'